கராஜில் பொங்கிய பால்

பணக்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதை நான் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில்தான் படித்தேன்.

நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கழிவறை கழுவப் போதுமானது. அதற்கு மேல் கொஞ்சம் படிக்கலாம் என்று, கிளென் ஈடனில் பழைய சாமான் விற்கும் தருமக் கடையில் புத்தகங்களைப் பையோடு வாங்கி வருவேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி விளங்கும். அந்தக் குவியலில் இங்கிலாந்துக்காரர் தங்கள் பணக்காரரைத் தாங்களே கிழிக்கும் கதைகள் நிறைய இருந்தன. ஒருநாள்கூட வேலை செய்யாத ஒருவன் காலை முட்டை சரியாக வேகவில்லை என்று நாள் முழுக்கக் கவலைப்படுவான். ஆலை முதலாளி ஒருவன் மாளிகை வாங்கி, யாரோ ஒருவருடைய பாட்டன் பூட்டன் படங்களையும் சேர்த்து வாங்கித் தன் வம்சம் என்று சுவரில் மாட்டுவான். எழுதியவர் அந்த முட்டைக்கு இரண்டு பக்கம் கொடுத்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்று தின்னப் பாண் கிடைக்கவில்லை என்பதை ஒரு ஓரத்தில் அரை வரியில் சொல்லிவிட்டுப் போவார். அந்த அரை வரி ஊசி போல ஏறும்.

எனக்கு அது பெரிய அதிசயம். எங்களை ஆண்டவர்கள் என்று நாங்கள் படித்துப் பயந்த கூட்டம், தன் பெரிய மனிதரை இப்படி அம்மணமாக நிறுத்தும் என்று பள்ளிக்கூடத்தில் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த நாட்களில் நானும் கணவரும் மாலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்வோம். மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளையும் துப்புரவுச் சாமான் ஏற்றும் வானில் ஏற்றிக்கொண்டுதான் போவோம். வழியில் நான் படித்த கதையைச் சொல்வேன். அந்தப் பிரபுக்களையும் சீமாட்டிகளையும் சாவகச்சேரிச் சந்தைத் தமிழில் கதைக்க வைப்பேன். பிள்ளை சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கும். அவள் கேட்டு வளர்ந்த கதைகள் அவைதான்.

இப்போது எங்களுக்குச் சொந்தமாகத் துப்புரவுக் கம்பனி இருக்கிறது. பென்ரோஸ் பக்கத்துக் கிடங்குகள் பலவற்றின் துப்புரவு எங்கள் கையில். ஆனாலும் நான் பணக்காரி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டுக் கடன், மோர்ட்கேஜ் இருக்கிறதே. இந்த நகரத்தில் மோர்ட்கேஜ் உள்ள எவரும் தன்னை ஏழை என்றுதான் சொல்வார். வீட்டின் அளவு என்னவாக இருந்தாலும் பேச்சு அதுதான். பணக்காரர் என்றால் எப்போதும் வேறு யாரோ.

நாங்கள் கட்டிய புது வீட்டில் இரண்டு குசினி. முன்னால் இருப்பது வெள்ளைக் கல் பதித்தது, வருகிறவர்கள் பார்ப்பதற்கு. அதன் பின்னால் ஒரு சின்னக் குசினி, சோறு கறிக்கு. எண்ணெயில் பொரிப்பது இரண்டிலும் இல்லை. வாசம் கார்ப்பெட்டில் ஏறினால் போகாது என்று அதற்குக் கராஜில் ஒரு காஸ் அடுப்பு. இங்குள்ள எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கார் தெருவில் நின்று மழையில் நனையும். வடைச் சட்டிக்குக் கூரை இருக்கும்.

அந்தக் கராஜ் அடுப்பில் சனிக்கிழமைகளில் நின்றவள் எங்கள் கம்பனியில் வேலை செய்யும் ஒரு பெண். தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் ஊர். கணவன் பார்சல் வான் ஓட்டுகிறான். மகன் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறான். அவளுடைய வேலை விசா எங்கள் கம்பனியின் பெயரில். அந்த விசாவில்தான் குடும்பம் முழுவதும் இங்கே நிற்கிறது. அது முடியும்போது நாங்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் மூவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை வா என்று அவளுக்கு நான் கட்டளை போடவில்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்து சமைத்துத் தந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. கறி கட்டிக் கொடுப்பேன், மகளுக்குச் சிறுத்துப் போன உடுப்பு கொடுப்பேன். சம்பளம் என்ற சொல் எங்களுக்கு இடையில் வரவேயில்லை. கேட்கிறவர்களிடம், அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சொல்வேன். வீட்டுப் பிள்ளை வரமாட்டேன் என்று சொல்லலாம். இவள் சொல்ல முடியுமா என்று நான் யோசிக்கவில்லை.

புது வீட்டுக் குடிபூரல் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐயர் நேரம் குறித்துத் தந்திருந்தார். பால் பொங்க வேண்டியது வெள்ளைக் கல் குசினியில். மஞ்சள் கட்டி, திருநீறு பூசி, மண் பானையை அங்கிருந்த மின்சாரக் கண்ணாடி அடுப்பின் மேல் வைத்தோம். அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. மண் பானை அதற்கு ஆகாது. இரும்புச் சட்டி இருந்தால்தான் அது சூடாகும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எங்களுக்கு அது தெரியாது. கணவர் அடுப்போடு வந்த புத்தகத்தைத் தேடினார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில் பானையைத் தூக்கிக் கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே அந்தப் பெண் காஸ் அடுப்பில் பாலைப் பொங்க வைத்து, துணியால் பிடித்து, வீடு முழுக்க நடந்து வந்து, குளிர்ந்து கிடந்த கண்ணாடி அடுப்பின் மேல் வைத்தாள். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். படம் எடுத்தோம். படத்தில் நுரைகூடத் தெரிகிறது.

சில மாதம் கழித்துத் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. ஞாயிறு பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மண்டபம். விழாவுக்குக் காசு கொடுத்தவர்கள் என்பதால் எங்களுக்கு முன் வரிசை. இளைஞர்கள் போட்ட நகைச்சுவை நாடகத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசை ஒன்று குசினியாக நின்றது. சேலை கட்டிய ஒரு பொடியன் வீட்டு அம்மா. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகக் காட்டினான். "அந்த நாளில நான் கழுவின டொய்லெட்டை எண்ணேலாது. இப்ப வீட்டில இருக்கிறதையும் எண்ணேலாமக் கிடக்கு" என்றான்.

நான்தான் முதலில் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். கணவர் முழங்கையால் இடித்தபோதும் எனக்கு விளங்கவில்லை. பிறகு மேசைக்குக் கீழே குந்தியிருந்த ஒருவன் பீப் பீப் என்று கத்தினான். மண்டபம் அதிர்ந்தது. என் முகம் சுட்டது.

அடுத்து ஏப்ரன் கட்டிய ஒரு பெண் பானையோடு வந்தாள். கால் தடுக்கி, பால் அவள் கையில் கொட்டுவது போல நடித்தாள். வீட்டு அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு "கார்ப்பெட், கார்ப்பெட்" என்று அலறினான். அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

அது குடிபூரல் அன்று நான் சொன்னது. சொன்னேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. பால் அவள் மணிக்கட்டில் சிந்தியபோது நான் பார்த்தது கீழே கார்ப்பெட்டைத்தான். அடுத்த வாரம் அவள் கட்டுப் போட்ட கையோடு வேலைக்கு வந்தாள். ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு செய் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். இத்தனையும் ஒரு மண்டபம் சிரித்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பின் வரிசையில் மகனோடு அவள் இருந்தாள். மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் மேடையேறி நடிகர்களுக்குக் கேடயம் கொடுத்து, பல்லெல்லாம் தெரியப் படத்துக்கு நின்றார். காரில் ஏறியதும் கதை மாறியது.

"ஆர் சொன்னது? கராஜுக்க நிண்டது அவள் ஒருத்திதான்" என்றார். "விசா முடியிறதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே கிடக்கு. முடியட்டும். நான் இனிக் கையெழுத்து வைக்கிறேல்லை."

எனக்கு அதற்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்த நாடகத்தில் ஆட்களைச் சிரிக்க வைத்த விதம் எனக்குத் தெரிந்த விதம். அற்பமான சாமானுக்கு ஒப்பாரி வைக்க விட்டு, சுட்ட கையை ஓரத்தில் காட்டிவிட்டுப் போகிற விதம். வானில் போகும்போது நானே சொல்லிக் கொடுத்த விதம்.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக்குப் போனேன். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மறைக்கவில்லை. தான்தான் எழுதினதாகவும், நண்பர்கள் தமிழில் திருத்தித் தந்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள். "மம், இட்ஸ் சட்டயர். யூ லவ் சட்டயர்" என்றாள். எனக்கு நையாண்டி பிடிக்குமாம். நான் வாயைத் திறக்க முன்னரே, நாங்கள் ஏழைகள் இல்லை என்பதை யாராவது எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

என்னுடைய உண்மையான வெட்கம் அந்த மண்டபத்தில் வந்தது அல்ல. அதற்குப் பிறகு வந்த நாட்களில் வந்தது. எழுதியது மகள் என்று எனக்குத் தெரியும். கணவர் அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுகிறார் என்றும் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் சண்டை வரும், வீட்டில் நிம்மதி போகும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். என் வீட்டு நிம்மதியைத் தராசின் ஒரு தட்டில் வைத்தேன். மற்றத் தட்டில் ஒரு குடும்பம் இந்த நாட்டில் இருப்பதா போவதா என்பது இருந்தது. வாரம் முழுவதும் என் தட்டுத்தான் கனமாக இருந்தது.

நடுவில் புதன்கிழமை வாசகர் கூட்டம். கிளென் ஈடன் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரப் பெண்கள். நான் ஒருத்திதான் தமிழ். அந்த மாதப் புத்தகமும் இங்கிலாந்து மாளிகைக் கதைதான். விருந்தில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று பெரிய மனிதர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பரிமாற வந்த வேலைக்காரப் பெண் சூப்புப் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாள். சீமாட்டி பாத்திரத்தின் பரம்பரையைச் சொல்லி மயங்கி விழுகிறாள். அந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, எல்லோரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

நான் கேட்டேன், அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்று.

புத்தகத்தைப் புரட்டினார்கள். அவள் அதற்குப் பிறகு வரவேயில்லை. கூட்டத்தில் வயது கூடிய அம்மா, அவள் உண்மையில் கதையில் இல்லை, பாத்திரம் விழுவதற்கு ஒரு கை வேண்டும் என்பதற்காக வந்தவள் என்று மிகவும் அன்பாக எனக்கு விளக்கினார். அவர் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து அலுமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். எத்தனை வருடமாக இவற்றைப் படித்து ஏழையின் பக்கம் நிற்கிறேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். தட்டு ஏந்தி வருகிறவள் வசனம் முடிய முன்னரே கதவைத் தாண்டிப் போய்விடுகிறாள். இன்னொன்றையும் கண்டேன். முள்ளுக்கரண்டியைப் பிழையாகப் பிடிக்கிற புதுப் பணக்காரனுக்குத்தான் அடி பலமாக விழுகிறது. சரியாகப் பிடிக்கத் தெரிந்த பழைய பணக்காரன் மேல் படுவது குறைவு. அவன் கோமாளியாக வந்தாலும் கடைசிப் பக்கத்தில் அவனுடைய காணி அவனிடம்தான் இருக்கிறது. எங்கள் மண்டபமும் அப்படித்தான் சிரித்தது. பீப் போட்ட அடுப்புக்கு, என் சேலைக்கு, டொய்லெட் கணக்குக்கு. விசாவுக்கு யாரும் சிரிக்கவில்லை. நாடகத்தில் விசாவே இல்லை. என் மகளுக்கு அது தெரியாமல் இல்லை. சிரிப்பு வராது என்று விட்டிருப்பாள்.

இதையெல்லாம் விளங்கிக்கொண்ட பிறகும் வியாழனும் வெள்ளியும் நான் வாய் திறக்கவில்லை. எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை அவள் வந்தாள். வழக்கத்தை விட நேரத்தோடு வந்து, நான் கராஜுக்குள் போகும்போதே உழுந்து அரைத்து, எண்ணெயை அடுப்பில் வைத்திருந்தாள். தரையைக்கூடக் கழுவியிருந்தாள். நான் அவளைப் பார்க்க மாட்டாமல், "பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் வீட்ட போங்கோ" என்றேன்.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லாமல் போனது.

"அக்கா, சத்தியமா நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். "அந்தப் பசங்க யாருன்னே எனக்குத் தெரியாது. என் பையன் சிரிச்சான்கா, அவன் சின்னப் புள்ள. வீட்டுக்குப் போனதும் அவனை அடிச்சேன்கா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் படிக்கட்டடிக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். இறங்கி வந்ததும், எழுதினது ஆர் என்று இவவுக்குச் சொல்லு என்றேன். பல்கலைக்கழகத்தில் அரை மணி நேரம் நின்று பேசக்கூடிய பிள்ளை, அங்கே உடைந்த தமிழில், "நான்... நான்தான் எழுதினது, அன்ரி. ஐ ஆம் சொறி" என்று மட்டும் சொன்னாள். அம்மாவைப் பற்றி எழுதினேன், உங்களைப் பற்றி அல்ல என்று ஆங்கிலத்தில் சேர்த்தாள்.

அந்தப் பெண் அடுப்பைக் குறைத்துவிட்டு மகளின் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்திருக்கும். காட்டவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்க பாப்பா" என்றாள். "அடுத்த வாட்டி எழுதும்போது என்னை விட்டுரு. உங்கம்மாவைப் பத்தி நீ எழுதினா ரெண்டு நாள் பேசமாட்டாங்க. எனக்கு அப்படி இல்லல்ல."

மகள் அழத் தொடங்கினாள். நானும் ஏதேதோ சொன்னேன். கார்ப்பெட் என்று கத்தினதுக்கு, கையுறை கொடுத்ததுக்கு, சனிக்கிழமைகளுக்கு எல்லாம் மன்னிப்புக் கேட்டேன். நிறையக் கதைத்தேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், தலையாட்டினாள், பரவாயில்லைக்கா என்றாள். நான் மூச்சு எடுக்க நிறுத்திய இடத்தில், "அக்கா, கையெழுத்து?" என்று கேட்டாள்.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான் என் வெட்கத்தை அவள் முன் கொட்டி, அவளிடமிருந்து பரவாயில்லை வாங்கிக்கொண்டிருந்தேன். அதற்கும் அவள்தான் நின்று வேலை செய்ய வேண்டியிருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். எழுதியது அவள் அல்ல, உங்கள் மகள் என்று அவளுக்கு முன்னால் வைத்தே சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். வேலைக்காரிக்கு முன்னால் கத்த மனம் வரவில்லைப் போலும்.

"சரி, திங்கக்கிழமை ஒஃபிசில வைச்சுப் பாப்பம்" என்றார்.

"இன்னைக்கே வச்சிருங்க சார்" என்றாள் அவள். ஒப்பந்தத் தாள்கள் அவளுடைய கைப்பையில் இருந்தன. ஓரங்கள் சுருண்டிருந்தன. வாரம் முழுக்க அவற்றைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் பேனையை நீட்டினேன். ஆழ்குளிர்ப்பெட்டியின் மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, ஏதோ தருமம் செய்தவர் போல, போய் வடிவாக வேலை செய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. உலுப்பவில்லை.

அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்தாள். பையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள். அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"சனிக்கிழமை இனிமே வரலக்கா. பையனை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

நான் ஓம், சரி என்றேன். அவள் கராஜ் கதவால் வெளியேறி, தெருவில் நின்ற எங்கள் காரைச் சுற்றிக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள். தாள் கைக்கு வந்து, பையின் சிப் மூடுகிறவரைக்கும் வரமாட்டேன் என்ற அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் வைத்திருந்தாள். எத்தனை நாளாக வைத்திருந்தாள் என்று கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை.